மின்சாரச் சந்தையும் ஆட்டக் கோட்பாடும் – ஒரு நோக்கு

கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஆம் ஆண்டிலே தொடங்கியது. ஊவாத் தோட்டங்களிற் கொய்து, வாட்டி, அரைத்து, உலர்த்தித் தரம் பிரித்த தூள், தரகர் கைப்பட்டுச் சுவை பார்க்கப்பெற்றுப் பட்டியலில் ஏறிய பின்னரே அங்கு விலை காண்கின்றது. கேட்ட விலை போதாதெனக் கண்டால் அதனை அன்று கொடாது மீட்டு, வேறொரு வாரம் மீண்டும் ஏலத்துக்கு விடலாம். விற்பவருக்குக் காத்திருக்கும் வசதியும், வாங்குபவருக்கு வேறு சரக்கை நாடும் வசதியும் உண்டு. மலைநாட்டார்க்குச் சந்தை என்றதும் மனத்தில் எழுவது இவ்வேலமேயாகும்.

மின்சாரத்தையும் ஏலத்தில் விற்கலாம் என்னும் கொள்கை கடந்த நூற்றாண்டின் இறுதியிலே வலுப்பெற்றது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1990 ஆம் ஆண்டு அரசின் மின்னாக்கற் சபை பிரிக்கப்பட்டு, அரைமணிக்கு ஒரு விலை காணும் பொதுச் சந்தை அமைக்கப்பட்டது. இந்தியாவிலே 2008 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மின்சக்திப் பரிவர்த்தனை நிலையம் தொடங்கிற்று. நம் நாட்டிலே 1969 இல் நிறுவப்பட்ட இலங்கை மின்சார சபை நெடுங்காலம் தானே ஆக்கித் தானே கடத்தித் தானே விநியோகித்து வந்தது. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் அப்பணிகளைத் தனித்தனி நிறுவனங்களுக்குப் பிரிக்க வழிவகுத்தது. 2025 இல் அது திருத்தப்பட்டு அந்நிறுவனங்கள் அரசுடைமையாகவே அமையும் வகை செய்யப்பட்டது. பிரித்தல் முதற்படி, பிரிந்தவற்றைப் போட்டியிட விடுதல் அடுத்த படி. அடுத்த படியை எடுக்கலாமா என்னும் வாதம் எழும்போதெல்லாம், கணினியிலே ஒரு சந்தையைப் படைத்து அதனை ஓடவிட்டுப் பெற்ற முடிவுகள் சான்றாக முன்வைக்கப்படும். அம்முடிவுகளுக்கு அடிப்படையான கருவிகள் இரண்டு. ஒன்று ஆட்டக் கோட்பாடு. மற்றையது கூர்ப்புமுறைக் கணிப்பு. இவ்விரண்டும் எவ்விடத்து நம்பத்தக்கன, எவ்விடத்து நம்பத்தக்கன அல்ல என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேயிலைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள வேற்றுமையை முதலில் உணர்தல் வேண்டும். மின்சாரத்தைப் பெருமளவிற் சேமித்து வைத்தல் இன்றும் செலவு மிக்கது. ஆக்கிய கணத்திலேயே அது நுகரப்படுகின்றது. நுகர்வும் ஆக்கமும் பெரிதும் பிசகினால் நாடு முழுவதும் இருளக்கூடும். ஆதலின் அச்சந்தையில் வாங்குவோர் காத்திரார். காத்திருக்க இயலாத வாங்குநரைக் கண்ட விற்பனையாளன் என்ன செய்வான் என்பதை ஒரு சிறு கணக்காற் காட்டுவாம்.

ஒரு நாட்டிலே மூன்று மின்னிலையங்கள் உள எனக் கொள்க. முதலாவது அலகொன்றுக்கு 10 ரூபா செலவில் 60 அலகு ஆக்கவல்லது. இரண்டாவது 20 ரூபா செலவில் 30 அலகும், மூன்றாவது 50 ரூபா செலவில் 30 அலகும் ஆக்கவல்லன. ஒரு மணி நேரத்தில் நாட்டுக்கு வேண்டியது 85 அலகு. செலவு குறைந்ததை முன்வைத்து அடுக்கினால் முதலாவது நிலையம் முழுமையும் இரண்டாவதில் 25 அலகும் போதும். கடைசியாக எடுத்த அலகின் விலையே எல்லோர்க்கும் கொடுக்கப்படும் என்பது இவ்வேலத்தின் விதியாகலின் விலை 20 ரூபா. முதலாவது நிலையத்தார்க்கு இலாபம் 600 ரூபா. அவர், பழுது என்று சொல்லியோ சொல்லாமலோ 10 அலகை நிறுத்திவைத்தால் நிகழ்வது யாது? மூன்றாவது நிலையத்தில் 5 அலகு எடுக்க நேரும். விலை 50 ரூபா ஆகும். நிறுத்திவைத்தவருக்கு எஞ்சிய 50 அலகுக்கும் அலகொன்றுக்கு 40 ரூபா வீதம் 2000 ரூபா இலாபம் கிடைக்கும். குறைவாக விற்று மிகுதியாகப் பெறுதல் என்னும் இவ்விந்தை தேயிலைச் சந்தையில் எளிதில் நிகழாது. மின்சந்தையிலோ அது வெளித்தெரியாமலே நிகழக்கூடும்.

இத்தகைய சூழ்ச்சிகளை ஆராய்தற்கே ஆட்டக் கோட்பாடு பயன்படுகின்றது. 'ஆட்டம்' என்னுஞ் சொல்லைச் சிலர் விரும்பார். 'விளையாட்டு' என்பாரும் உளர். பொருள் நோக்கின் பழைய சொல்லாகிய 'சூது' என்பதே நெருங்கிய சொல் எனலாம். புகழேந்தியாரின் நளவெண்பாவைக் கற்றோர், இருதுபன்னன் தான்றி மரத்தைக் கண்ட அளவிலே அதனை எண்ணிக் கூறிய ஆற்றலையும், அக்கலையைக் கற்ற பின்னரே நளனைக் கலி விட்டு நீங்கியதையும் அறிவர். கணக்கறியாது ஆடியவன் நாடிழந்தான். கணக்கறிந்தபின் நாட்டை மீட்டான். அக்கதையில் வேறொன்றும் உளது. தமயந்தி காய் உருட்டினாள் அல்லள். ஆயினும் காடு சென்றாள். இதனைப் பின்னர் நினைவுகூர்வாம்.

மேனாட்டிலே இத்துறைக்கு வித்திட்டவர் பிரான்சு நாட்டு ஓகஸ்டீன் கூர்னோ என்பவர். கனிமநீர் ஊற்றுக்கள் இரண்டினை உடைய இருவர், ஒருவர் எவ்வளவு விற்பார் என்பதை மனங்கொண்டு மற்றவர் தம் அளவைத் தீர்மானிக்கும் முறையை 1838 இல் அவர் எழுதினார். நீரில் தொடங்கிய கணக்கு இன்று நீர்மின்னுக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. வொன் நியூமன், மோர்கன்ஸ்டேர்ண் ஆகிய இருவரின் பெருநூல் 1944 இல் வெளிவந்தது. ஜோன் நாஷ் 1950 ஐ அடுத்து எழுதிய சில பக்கங்கள், மற்றவர் தத்தம் வழியில் நிற்க ஒருவன் தன் வழியை மாற்றி நன்மையடைதல் இயலாத நிலையே சமநிலை என வரையறுத்தன. இவ்வரலாறு பல நூல்களிலும் கிடைப்பதாகலின் ஈண்டு விரிக்கவில்லை.

இச்சமநிலையை மின்சந்தைக்குப் பொருத்துமிடத்து ஒரு சிக்கல் எழுகின்றது. கூர்னோவின் முறைப்படி விலை, செலவைக் கடந்து உயரும் விகிதம் விற்பவர் பங்கைக் கேள்வி நெகிழ்ச்சியால் வகுத்தால் வரும் ஈவுக்குச் சமம். மின்சாரத்துக்குக் கேள்வி நெகிழ்ச்சி மிகச் சிறிது. சந்தையிற் பாதியை உடைய ஒருவருக்கு, நெகிழ்ச்சி 0.1 எனின், ஈவு 5 ஆகின்றது. அவ்விகிதம் ஒன்றை விஞ்சுதல் இயலாதாகலின் கணக்கே பொருளற்றுப் போகின்றது. இதனை உணர்ந்த ஆய்வாளர், ஒரே அளவைக் கூறும் விற்பனையாளனை விடுத்து, 'இந்த விலைக்கு இவ்வளவு, அந்த விலைக்கு அவ்வளவு' என ஒரு நிரம்பற் கோட்டையே முன்வைக்கும் விற்பனையாளனைக் கருதினர். கிளெம்பரர், மேயர் ஆகியோர் 1989 இல் வகுத்த இம்முறையைக் கொண்டு றிச்சட் கிறீன், டேவிட் நியூபெரி ஆகிய இருவரும் 1992 இல் இங்கிலாந்துச் சந்தையை ஆராய்ந்தனர். அணுமின் நிலையங்கள் நீங்கலாக ஏனையவற்றை இரண்டே நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தமையால் விலை செலவை மிக விஞ்சி நிற்கும் என்றும், ஐந்தாகப் பிரித்திருப்பின் அது எல்லைச் செலவை நெருங்கியிருக்கும் என்றும் அவர்கள் முடிவு கூறினர். பின்னர் அந்நாட்டு மின்சார ஒழுங்குபடுத்துநர் தலையிட்டு, 1994 இல் அவ்விரு நிறுவனங்களும் 6000 மெகாவாற்று நிலையங்களைக் கைவிட உடன்படும்படி செய்தார். ஆட்டக் கோட்பாடு ஓர் அரசின் கையில் உண்மையாகவே பயன்பட்ட இடங்களுள் இஃது ஒன்று.

ஆயினும் நாஷ் சமநிலை ஒரு முடிவிடத்தையே காட்டுகின்றது. அவ்விடத்தை ஆட்டக்காரர் எவ்வழியாற் சென்றடைவர் என்பதைக் காட்டுவதில்லை. அவர்கள் யாவற்றையும் கணித்தறியும் பேரறிஞர் எனக் கொள்ளப்படுகின்றனர். உண்மையில் மின்னிலைய முகாமையாளர் நேற்றைய விலையைப் பார்த்து இன்றைய விலையைக் கூறுபவர். இக்குறையைப் போக்கவே கூர்ப்புமுறைக் கணிப்பு புகுந்தது. மேனாட் சிமித், பிறைஸ் ஆகியோர் 1973 இல் விலங்குகளின் போரை ஆட்டமாக எழுதினர். ஜோன் ஹொலண்ட் 1975 இல், உயிரினக் கூர்ப்பைப் போன்றே கணினியில் விடைகளை வளர்க்கும் முறையை நூலாக்கினார்.

ஹொலண்டின் முறையை விளக்கத் தேயிலைச் செடியே போதும். பழைய மலைகளில் நிற்கும் விதைத் தேயிலையில் ஒரு செடி மற்றொன்றைப் போலிராது. ஒன்று குளிரைத் தாங்கும். ஒன்று விரைந்து துளிர்க்கும். ஒன்று மலடுபோல் நிற்கும். மகரந்தக் கலப்பால் ஒவ்வொரு விதையும் ஒரு புதுச் சேர்க்கை. வீ.பி. எனப்படும் தண்டுத் தேயிலையோ தாய்ச்செடியின் நேர்ப்பிரதி. கணினியிலும், ஒரு விற்பனையாளன் கூறவேண்டிய விலையும் அளவும் 0, 1 என்னும் இலக்கங்களாலான சரமாக எழுதப்படுகின்றன, இச்சரமே நிறமூர்த்தம். பல சரங்களைச் சந்தையில் ஓடவிட்டு, மிகுந்த இலாபம் தந்தவற்றைத் தெரிந்து, இரண்டு இரண்டாக வெட்டி மாற்றியொட்டி, இடையிடையே ஓரிலக்கத்தை விகாரப்படுத்தி, அடுத்த தலைமுறையைப் பெறுகின்றனர். தோட்டத்துரை நல்ல செடியைத் தெரிவதும் இதுவே. நூற்றுக்கணக்கான தலைமுறைகளின் பின் எஞ்சிநிற்கும் சரமே தேர்ந்த தந்திரம் எனக் கொள்ளப்படுகின்றது. றிச்டர், ஷெப்ளே ஆகியோர் 1998 இல் மின்னிறுவனங்களின் ஏலத் தந்திரங்களை இவ்வாறே வளர்த்துக் காட்டினர்.

கேட்பதற்கு இம்முறை மிக இயல்பானதாகத் தோன்றும். ஆனால், நல்ல செடி எது என்று யார் ஒப்பிட்டுப் பார்ப்பது? இவ்வினாவிலேயே இத்துறையின் மிகப் பெரிய வழுக்குமிடம் உளது. நிக்கோலாஸ் விரீண்ட் என்பவர் 2000 ஆம் ஆண்டில் இதனை வெளிப்படுத்தினார். அவர் கண்டதை என் சொந்த எண்களால் விளக்குகின்றேன்.

சந்தை விலை, நூறிலிருந்து மொத்த ஆக்கத்தைக் கழித்தது எனவும், அலகொன்றின் செலவு 10 ரூபா எனவும், விற்பவர் இருவர் எனவும் கொள்க. இருவரும் கூடிப்பேசி மொத்தம் 45 அலகே ஆக்கினால் விலை 55 ரூபா. தனித்தனி நின்று கூர்னோ கூறியபடி ஆளுக்கு 30 அலகு ஆக்கினால் விலை 40 ரூபா. ஆளுக்கு இலாபம் 900 ரூபா. முழுப் போட்டியெனின் மொத்தம் 90 அலகு, விலை 10 ரூபா, இலாபம் இல்லை.

இப்பொழுது கூர்னோ நிலையில் நிற்கும் இருவருள் ஒருவர் 35 அலகு ஆக்கிப் பார்க்கின்றார். விலை 35 ரூபாவாகக் குறைகின்றது. அவர் இலாபம் 875. மற்றவர் இலாபம் 750. இவர் தம் பழைய கணக்கேட்டைப் புரட்டினால் 900 இருந்த இடத்தில் 875 நிற்பதைக் கண்டு, மறுநாள் 30 அலகுக்கே மீள்வார். விலை 40 ரூபாவிலேயே நிலைக்கும். அவ்வாறன்றி, கணினி இருவரின் சரங்களையும் ஒரே பாத்தியிலிட்டு, அன்றைய இலாபம் மிக்கதைப் பிரதி செய்யும்படி அமைக்கப்பட்டிருப்பின், 750 ஐ விட 875 பெரிதாகலின் 35 என்னும் சரமே வெல்லும்; மற்றவரும் அதனைப் பார்த்தெழுதுவர். இருவரும் 35 ஆக்க, விலை 30 ரூபா, இலாபம் 700. அடுத்து ஒருவர் 40 ஆக்கினால் அவருக்கு 600, மற்றவருக்கு 525. மீண்டும் மிக்கதே வெல்லும். இவ்வாறு தாமும் நட்டமடைந்து மற்றவரை அதனினும் நட்டப்படுத்தி, ஈற்றிலே முழுப் போட்டி விலையாகிய 10 ரூபாவை இருவரும் அடைவர்.

சந்தையும் ஒன்று; செலவும் ஒன்று; கூர்ப்புமுறையும் ஒன்று. விலை மட்டும் ஓரிடத்தில் 40 ரூபா, மற்றோரிடத்தில் 10 ரூபா. ஒருவர் தம் ஏட்டைப் பார்க்கின்றாரா, அயலவர் ஏட்டைப் பார்க்கின்றாரா என்பதொன்றே வேற்றுமை. தன் பழைய புள்ளியோடு இன்றைய புள்ளியை ஒப்பிடும் மாணவனும், பக்கத்து வாங்கில் இருப்பவனை விஞ்சினாற் போதும் என்றிருக்கும் மாணவனும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைக் கற்றும் வேறு வேறு இடங்களைச் சென்றடைவதை ஆசிரியர் அறிவர். ஆகவே, 'கணினியில் ஓடவிட்டுப் பார்த்தோம். போட்டி விலையைச் செலவளவுக்கு இறக்கியது' என்று ஓர் அறிக்கை கூறுமாயின், அவ்விறக்கம் சந்தையின் குணமா, சரங்களை ஒரே பாத்தியில் நட்டவரின் செயலா என்று கேட்பது நம் கடன்.

இவ்வினாவைத் தாமாகவே எழுப்பிக்கொண்ட ஆய்வாளரும் உளர் என்பதைக் கூறாதுவிடின் நடுநிலை பிறழும். ஐயோவா அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ டெஸ்ஃபாட்சியன் என்னும் அம்மையாரும், நிக்கோலைசன், பெட்றோவ் ஆகியோரும் முதலில் பார்த்தெழுதும் வகையிலமைந்த பரம்பரையலகு முறையால் ஒரு மின்சந்தையை ஆராய்ந்தனர். பின்னர் 2001 இல், ஒவ்வொருவரும் தத்தம் அனுபவத்தாற் கற்கும் முறைக்கு மாறி அதே ஆய்வை மீளச் செய்து, இரண்டினையும் ஒப்பிட்டனர். விற்பவர் வாங்குபவர் தொகையும் அவரவர் கொள்ளளவும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதே யார் கை ஓங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றது என்பது அவர்கள் முடிவு. இம்முடிவு ஏற்கத்தக்கது. எனினும், சந்தையின் 'வினைத்திறன்' உயர்ந்து நிற்கின்றது என அவர்கள் கூறுமிடத்து ஒரு தடை கூறவேண்டும். வினைத்திறன் என்பது விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து பெற்ற மொத்த நலத்தின் அளவு. அந்நலம் எவர் மடியில் விழுந்தது என்பதை அவ்வளவுகோல் காணாது. நூறில் தொண்ணூறு விற்பவருக்கே சென்றாலும் வினைத்திறன் நிறைவாகவே இருக்கும்.

எதிர்காலத்தைக் கூறுவதில் இம்முறைகள் எவ்வளவு வல்லன என்பதற்கும் இங்கிலாந்தே சான்று. அந்நாடு 2001 மார்ச்சில் பழைய பொதுச் சந்தையை நீக்கி, ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்ட விலையையே கொடுக்கும் புதிய முறைக்கு மாறியது. அதற்கு முன்னரே ஜோன் பவர், டெறிக் பன் ஆகிய இருவரும் கற்கும் ஆட்டக்காரரைக் கணினியில் அமைத்து, மணிதோறும் கேட்ட விலையைக் கொடுக்கும் முறையிலேயே விலை மிக உயரும் என எழுதியிருந்தனர். மாற்றத்தின்பின் மொத்த விலையோ வீழ்ந்தது. விற்பவர் தொகை பெருகியமையும் தேவைக்கு மிஞ்சி நிலையங்கள் எழுந்தமையுமே காரணம் என்பாரும், புதிய முறையே காரணம் என்பாரும் இன்றும் உளர். இருவரும் ஆய்வாளரைப் பழிப்பதற்கில்லை. பிற யாவும் மாறாதிருப்பின் என்று தொடங்கிய கணக்கு அவர்களுடையது, நாடு மாறாதிருக்கவில்லை.

கலிபோர்ணியாவில் நிகழ்ந்தது வேறுவகைப் பாடம். அங்கு 2000 ஆம் ஆண்டுக் கோடையில் மொத்த விலை பன்மடங்கு ஏறியது. 2001 சனவரியில் முறைவைத்து மின்தடை செய்தனர். ஏப்பிரலில் அம்மாநிலத்தின் பெரிய விநியோக நிறுவனமொன்று முறிவடைந்தது. என்ரோன் நிறுவன வணிகர் கையாண்ட தந்திரங்கள் பின்னர் வெளிவந்தன. விலைக்கு வரம்பிட்ட மாநிலத்திலிருந்து மின்சாரத்தை வெளியே விற்றதாகக் காட்டி, வரம்பில்லாத பண்டமாகத் திரும்பக் கொணர்ந்து விற்றல் ஒன்று. கம்பிகளில் நெரிசல் உளதாகக் காட்டி, மின்சாரம் சிறிதும் அசையாமலே நெரிசலைத் தணித்ததற்குப் பணம் பெறுதல் மற்றொன்று. இதற்கு 'டெத் ஸ்டார்' எனப் பெயருமிட்டிருந்தனர். இவற்றை எந்தக் கணினியும் கூர்ப்பித்துக் கண்டதன்று. சரத்திலே விலைக்கும் அளவுக்கும் மாத்திரமே இடம் வைத்திருந்தால், எத்தனை ஆயிரம் தலைமுறை வளர்த்தாலும் விலையும் அளவுமே வெளிவரும். தேயிலை விதையிலிருந்து தேயிலையே முளைக்கும். மனிதனோ விதியின் சந்தையே மாற்றுபவன். ஆதலின், இச்சந்தையில் முறைகேட்டுக்கு இடமில்லை எனக் கணினி கூறினால், நாம் எண்ணிவைத்த முறைகேட்டுக்கு இடமில்லை என்றே அதனைக் கொள்ளல் வேண்டும்.

இனி நம் நாட்டை நோக்குவாம். 2009 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வாங்குபவர் ஒருவராக இருந்தமையால், இங்கு ஆட்டம் என்பது அன்றாட ஏலமாக அன்றி, ஒப்பந்தம் எழுதும்போதே முடிந்துவிடும் ஒன்றாக இருந்தது. மலைநாட்டுச் சிறு நீர்மின் நிலையங்கள் ஒப்பந்த விலைக்கு விற்பனவாகலின் அவை ஆட்டக்காரர் அல்ல. பெரிய நீர்த்தேக்கங்களே கவனிக்க வேண்டியவை. நிலக்கரி நிலையத்தார் நிறுத்திவைத்தால் புகைபோக்கியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். நீர்த்தேக்கத்தார் எதனையும் நிறுத்திவைக்க வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினாற் போதும். மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரையுள்ள உச்ச வேளையில் விடவேண்டிய நீரிற் சிறிதை நண்பகலுக்கு மாற்றி விட்டால், ஆண்டு முழுவதும் விட்ட நீரின் மொத்த அளவு மாறாது. உச்ச வேளையின் விலையோ எண்ணெய் நிலையத்தின் விலையாக உயர்ந்துவிடும். அமெரிக்க மேற்கு மாநிலங்களின் நீர்மின்னை ஆராய்ந்த ஜேம்ஸ் புஷ்னெல் 2003 இல், பெரு நிறுவனங்கள் இவ்வாறு நீரை இடம் மாற்றுவது அவற்றுக்கு இலாபமாகும் எனக் காட்டினார். நீர்மின் மிக்க நம் நாட்டில் எவரேனும் சந்தையை அமைக்க எண்ணுவாராயின், முதலிற் கற்கவேண்டியது இவ்வாய்வே என்பது என் கருத்து. இங்கே ஆட்டக் கோட்பாட்டின் பயன் பெரிது. அது சந்தையின் நன்மைக்குச் சான்றாகாவிடினும் களவு நிகழும் வழியை முன்கூட்டியே காட்டித் தருகின்றது.

ஆயின், அக்கோட்பாட்டின் கண்ணுக்கு எட்டாத ஒன்றும் இம்மலைகளிலேயே உளது. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆட்டக்காரர் யாவர் என்பதை ஆய்வாளர் முதல் வரியிலேயே எழுதிவிடுகின்றார். விற்பவர் ஆட்டக்காரர், பெருவணிக வாங்குநர் சிலவேளை ஆட்டக்காரர், ஏனையோர் கேள்விக்கோடு. 2022 ஆகத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்டபோது, லயன் அறையில் வாழும் குடும்பம் செய்யக்கூடியது ஒரு விளக்கை அணைப்பதே. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் விளக்காகவும் அஃது இருக்கலாம். நூல் அதனைக் 'கேள்வி சிறிது சுருங்கியது' என்று எழுதும். அக்கோட்டுக்குத் தந்திரம் இல்லை, சரம் இல்லை, தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொள்ளும் உரிமையும் இல்லை. காய் உருட்டாது காடு சென்றவளின் நிலை இதுவே.

நீரைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் ஆழமானது. அப்புத்தளையின் தெற்குச் சரிவின்கீழ் வளவை கங்கையையும் பெலிகுல் ஓயாவையும் மறித்து எழுந்தது சமனல வாவி. அதன் 120 மெகாவாற்று நிலையம் 1992 இல் இயங்கத் தொடங்கியது. அணையின் வலக்கரையிற் கசிவு ஏற்பட்டதை எல்லோரும் அறிவர். அணைக்குக் கீழே கல்தொட்டையில் நெடுங்காலமாக வயல்கள் உள. மின்னுக்குச் செல்லும் நீர் சுரங்கவழியே அவ்வயல்களைத் தாண்டிச் சென்றுவிடுகின்றது. வயலுக்கு விடும் நீர் மின்னிலையத்தைக் காணாது. ஆகவே வயலுக்குச் செல்லும் ஒவ்வொரு துளியும் மின் கணக்கில் நட்டம். பொறியியலார் குறையெனக் கூறும் அக்கசிவு நீர் கல்தொட்டையார்க்குப் பாசன நீராகப் பயன்படுகின்றது. இச்செய்தியை எந்த நிறமூர்த்தத்தில் எழுதுவது? இலாபத்தையே தகுதியாகக் கொண்ட கூர்ப்பு, கல்தொட்டைக்கு நீர் விடும் தந்திரத்தை முதல் தலைமுறையிலேயே அழித்துவிடும்.

உமா ஓயாவை எடுத்துக்கொள்க. வெலிமடைப் பக்கத்து நீர், புகுல்பொலையிலும் டயறபாவிலும் மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்த நெடுஞ்சுரங்கத்தாற் கீழிறங்கி, 120 மெகாவாற்று நிலத்தடி நிலையத்தை இயக்கித் தென்கிழக்குச் சமவெளிக்குச் செல்கின்றது. 2024 ஏப்பிரல் 24 ஆம் நாள் அத்திட்டம் திறந்துவைக்கப்பட்டது. மறிக்காதுவிடின் அந்நீர் ரந்தம்பையில் மகாவலியைச் சேர்ந்து அங்குள்ள நிலையத்தை இயக்கியிருக்கும். இவ்விரு நிலையங்களும் வேறு வேறு கைகளுக்குச் சென்றால், மேலே நீரை மறிப்பவர் கீழுள்ளவரின் சரக்கைக் குறைக்கின்றார். கூர்னோவின் ஊற்றுக்காரர் இருவரும் ஒரே ஊற்றில் நிற்பர். இந்த அளவுக்குக் கோட்பாடு தாங்கும். ஆனால், சுரங்கம் குடைந்தபோது 2014 டிசம்பரில் உள்ளே நீர் பீறிட்டமையும், பண்டாரவளைப் பக்கத்திலே கிணறுகள் வற்றியமையும், வீட்டுச் சுவர்கள் வெடித்தமையும் எந்த ஆட்டக்காரரின் ஏட்டிலும் செலவாக வரவில்லை. கிணற்றுக்காரர் மின்சாரம் விற்கவில்லை. வாங்கினராயினும் மிகச் சிறிதே வாங்கினர்.

இதற்கு விடையாக, வெளிச்செலவுகளை வேறொரு நிரலிற் கூட்டிக்கொள்ளலாம் என்பர் பொருளியலார். அவ்வாறு கூட்டினால் சரத்தின் நீளம் மிகும், கணக்குத் தீர நெடுநேரம் செல்லும் என்பர் கணினியார். நெடுநேரம் செல்வதில் தவறில்லை. உமா ஓயாவின் நீருக்கு ஒரு விலை குறிக்கும் ஏட்டில், உச்ச வேளையில் அது ஈட்டும் பணத்துக்குப் பக்கத்தில், வற்றிய கிணற்றுக்கு மாற்றாகக் கொள்கலத்தில் வந்த குடிநீரின் செலவையும் எழுதி, அதன்பின் எத்தனை தலைமுறை வேண்டுமாயினும் ஓடவிட்டுப் பார்க்கலாம்.